வீடு வாங்குவோர் படிக்க மறக்கும் விதிகள்

புது தில்லி: அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்குவோர், பத்திரப் பதிவுடன் எல்லாம் முடிந்துவிட்டதாகவே கருதுகின்றனர். மும்பையைப் பொறுத்தவரை அது பாதி வேலைதான். கட்டடத்தை நிர்வகிக்கும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் வாங்கியவரை உறுப்பினராகச் சேர்த்து, பங்குச் சான்றிதழில் அவர் பெயரை எழுதிய பிறகே உரிமை முழுமை பெறுகிறது.

தமிழர்கள் வசிக்கும் பாண்டுப், செம்பூர் உள்ளிட்ட புறநகர்களில் "சொசைட்டி" என்ற சொல் அறியாதார் இல்லை. ஆனால் அதன் துணை விதிகளைப் படித்தவர்கள் மிகச் சிலரே. பணி ஓய்வுக்குப் பின் வீட்டை விற்றுவிட்டுத் தமிழகம் திரும்ப நினைப்பவர்களும், அதே வீட்டை வாங்க வருபவர்களும் இதனால் ஒருசேர இன்னலுக்கு ஆளாகின்றனர்.

25 ஆயிரம் ரூபாய் உச்சவரம்பு

வீட்டை விற்க விரும்பும் உறுப்பினர் 15 நாள்களுக்கு முன் சங்கத்துக்கு அறிவிப்பு தர வேண்டும் என்கிறது மகாராஷ்டிர அரசின் மாதிரித் துணை விதி. மாற்றலுக்குத் தடையின்மைச் சான்றிதழ் கட்டாயமில்லை என்றும் அதே விதி கூறுகிறது. ஆயினும் கடன் தரும் வங்கிகள் அதைக் கேட்பது வழக்கம் என்பதால், சான்றிதழ் வழங்கும் நிர்வாகக் குழுவின் கை ஓங்கிவிடுகிறது.

மாற்றல் கட்டணம் 500 ரூபாய். இது தவிர, பொதுக்குழு நிர்ணயிக்கும் பிரீமியம் உண்டு. மாநகராட்சிப் பகுதியில் அது 25 ஆயிரம் ரூபாயைத் தாண்டக்கூடாது என்று 2001 ஆகஸ்டில் மாநில அரசு ஆணையிட்டது. குடும்பத்தினருக்குள் மாற்றினால் பிரீமியமே கிடையாது. கட்டட நிதி, நன்கொடை என வேறு பெயர்களில் கூடுதல் தொகை கேட்கவும் இடமில்லை. வரம்புக்கு மேல் வசூலித்த தொகை உறுப்பினருக்குத் திருப்பித் தரப்பட வேண்டியதே என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஒரு வருமான வரி வழக்கில் சுட்டிக்காட்டியது.

வாங்குபவருக்கும் எச்சரிக்கை தேவை. சங்கத்துக்குரிய நிலுவை செலுத்தப்படாவிட்டால் மாற்றல் செல்லுபடியாகாது என்று 2019-இல் திருத்தப்பட்ட சட்டம் கூறுகிறது. வீட்டை வாடகைக்கு விட்டால், சேவைக் கட்டணத்தில் 10 சதவீதம் வரை கூடுதலாகச் செலுத்த நேரிடும்.

யாரைச் சேர்ப்பது?

கட்டணத்தைவிடச் சிக்கலானது உறுப்பினர் தகுதி. ஆமதாபாதில் பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் தகுதி அளித்த ஒரு சங்கத்தின் துணை விதி செல்லும் என்று 2005 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்துக்கு முரணாகாதவரை, துணை விதியை ஏற்றுச் சேர்ந்த உறுப்பினர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்பது தீர்ப்பின் சாரம். மகாராஷ்டிரச் சட்டமோ, தகுதியுள்ள எவரையும் தக்க காரணமின்றிச் சேர்க்க மறுக்கக்கூடாது என்கிறது. மறுக்கப்பட்டவர் கூட்டுறவுப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். இந்த உரிமை இருப்பதே தெரியாமல், முன்பணத்தை இழந்து ஒதுங்கிக்கொள்பவர்களுக்குத்தான் பாதிப்பு அதிகம்.

தில்லியின் எல்லை

நாடு முழுவதற்கும் ஒரே விதியை நாடாளுமன்றம் வகுக்கலாகாதா என்ற கேள்வி எழுவது இயல்பு. கூட்டுறவுச் சங்கங்கள் அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் உள்ளன. 2011-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 97-ஆவது திருத்தம், இவற்றின் நிர்வாகத்துக்குப் பொது வரையறை வகுக்க முயன்றது. பாதி மாநிலங்களின் ஒப்புதலைப் பெறாததால், ஒரே மாநிலத்துக்குள் இயங்கும் சங்கங்களுக்கு அது பொருந்தாது என்று 2021 ஜூலை 20-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. மத்தியில் கூட்டுறவுக்குத் தனி அமைச்சகம் உருவானதும் அதே மாதத்தில்தான். எனினும், பாண்டுப்பில் உள்ள ஒரு சொசைட்டியின் விதியை மாற்றும் அதிகாரம் மும்பையிலேயே உள்ளது.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் மத்திய அரசின் சட்டமே. வீடுகளில் பெரும்பான்மை முன்பதிவானதும் மூன்று மாதங்களில் சங்கம் அமைய வகைசெய்யும் அச்சட்டம், அமைந்த சங்கம் எவ்வாறு நடக்க வேண்டும் என்பதில் தலையிடுவதில்லை.

இரு மாநிலங்கள், இரு முறைகள்

பாண்டுப் வீட்டை விற்றுச் சென்னையில் வாங்குபவர் வேறொரு முறைக்குள் நுழைகிறார். சென்னையில் நிலத்தின் பிரிக்கப்படாத பங்கு வாங்குபவர் பெயரிலேயே பதிவாகிறது. மும்பையில் நிலத்தைக் கட்டுமான நிறுவனம் சங்கத்தின் பெயருக்கு எழுதித்தர வேண்டும். தராமல் காலம் கடத்துவோரின் ஒப்புதல் இல்லாமலேயே சங்கம் நில உரிமையைப் பெற 2008-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழிசெய்தது. நிலம் சங்கத்தின் பெயரில் இல்லையேல், பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் பேச்சு எழும்போது உறுப்பினர்களின் பேரம் பேசும் வலு குறைகிறது. தமிழகத்திலும் 1994-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டத்துக்குப் பதிலாக, 2022-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்துள்ளது.

பொதுவான மாதிரி விதிகளை மத்திய அரசு பரிந்துரைக்கலாம். ஏற்பது மாநிலங்களின் விருப்பம். ஆகவே இப்போதைக்கு வாங்குபவரின் விழிப்பே அவருக்குப் பாதுகாப்பு. முன்பணம் தருமுன் சங்கத்தின் துணை விதிகள், பங்குச் சான்றிதழ், நிலுவையில்லாச் சான்று, நிலம் யார் பெயரில் உள்ளது என்பதற்கான ஆவணம் ஆகிய நான்கையும் கேட்டுப் பார்ப்பது நலம். இவற்றைக் காட்டத் தயங்கும் விற்பனையாளரிடம் பேரத்தைத் தள்ளிவைப்பதில் நட்டம் எதுவுமில்லை.