கை விழுந்தவர்களுக்கும் வைத்தியம் வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வீடு தேடிவந்து வைத்தியம் பார்க்கும் உயர்ந்த நோக்கத்துடன் 2021 ஆகஸ்டில் நம் அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இயன்முறை சிகிச்சையாளருக்கும் நோய்த்தணிப்புச் செவிலியருக்கும் இடமளித்தவர்கள், நோயுற்றவர்களை அன்றாடக் காரியங்களைத் தாமே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி பயின்றவர்களை மட்டும் விட்டுவிட்டது பெருங்குறை என்பதை, அக்குறையின் கஷ்டத்தை அனுபவித்தவன் என்ற முறையில் தங்கள் பத்திரிகை வாயிலாகப் பிரஸ்தாபிக்க விரும்புகிறேன்.

பக்கவாதம் கண்டு வலப்பக்கம் விழுந்துபோன என்னை, மருத்துவமனையில் பொறுமையுடன் நடக்கப் பழக்கிக் கைத்தடியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு என்றும் நன்றியுடையேன். ஆனால் சட்டைப் பொத்தானைப் போடவும், வேட்டியை இடுப்பில் இறுக்கவும், சோற்றைப் பிசைந்து ஐந்து விரலும் குவித்து வாய்க்குக் கொண்டுபோகவும் எனக்கு யார் கற்றுக்கொடுப்பது என்று கேட்டபோது, அங்கே பதில் சொல்ல ஆளில்லை. எட்டு மாதம் என் மனைவிதான் ஊட்டினாள். ஆக்குபேஷனல் தெரபி படிப்பில் மூன்றாம் ஆண்டிலிருக்கும் என் பேத்தி விடுமுறைக்கு வந்தவள், “தாத்தா, விழுந்த கையை முதலில் நுழைத்துக்கொள்ளுங்கள், நல்ல கை பின்னால் வரட்டும்” என்றாள். அன்று சட்டையை நானே மாட்டிக்கொண்டேன். கரண்டிக் காம்பில் பழந்துணியைச் சுற்றித் தடிமனாக்கினாள். பின்னர், தன் ஆசிரியையே உடனிருந்து வழிகாட்ட, வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் தகட்டை என் மணிக்கட்டின்மேல் படியவைத்து, அது ஆறி இறுகும் வரையில் தன் இரு உள்ளங்கைகளாலும் அசையாமல் தாங்கிக்கொண்டிருந்தாள்.

உடற்கூறும் நரம்பியலும் மனோதத்துவமும் நான்கு வருஷம் கற்று, இத்துறையின் சர்வதேச சம்மேளனம் விதித்தபடி குறைந்தது 1000 மணி நேரம் நோயாளிகளிடையே பயிற்சி பெற்று வெளிவரும் இப்பிள்ளைகளை, “வேலை வாங்கித் தரும் படிப்பா?” என்று விசாரிக்கும் அளவுக்கே நம்மவர் இதை அறிந்திருக்கிறார்கள். இத்தனைக்கும் இது நேற்று முளைத்த வித்தையன்று. பம்பாயில் 1950-லேயே கமலா நிம்ப்கர் இதற்கொரு பள்ளியைத் தொடங்கிவிட்டார். நம் வேலூரிலோ, விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தும் சக்கர நாற்காலியிலிருந்தபடியே வைத்தியம் செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966-ல் மறுவாழ்வு நிலையமே எழுந்தது.

அப்படிப்பட்ட மாநிலத்தில், கற்றுத் தேர்ந்தவர்கள் பெருநகரத்துத் தனியார் நிலையங்களையோ அயல்நாட்டையோ நாடிப் போக, கிராமத்துத் திண்ணைகளில் பிறர் ஊட்டும் சோற்றுக்குக் காத்திருப்போர் அப்படியே காத்திருப்பது என்ன நியாயம்? என் தெருவிலேயே இருவர் அவ்வாறு இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் முப்பது வருஷம் தறி நெய்தவர்.

ஆகவே, இத்திட்டத்தின் வட்டாரக் குழு ஒவ்வொன்றிலும் ஆக்குபேஷனல் தெரபி பயின்ற ஒருவரை நியமிக்க வேண்டும். தாலுகா மருத்துவமனைகளில் அவர்களுக்கு நிரந்தரப் பதவிகளை உண்டாக்க வேண்டும். மாணவர்களின் பயிற்சிக் காலத்தில் ஒரு பகுதியையேனும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கழிக்க ஏற்பாடு செய்யவேண்டும். இவற்றைச் சுகாதாரத் துறையினர் வரும் நிதிநிலை அறிக்கைக்கு முன்பாகவே பரிசீலிக்கும்படி வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.