பட்டத்தை ஊடுபயிராப் போடலாம்

ஒரு வருஷம் சின்ன வெங்காயம் விலை ஏறினா, அடுத்த வருஷம் ஊரே வெங்காயம் நடும். பிளஸ் டூ முடிச்ச பசங்க விஷயமும் அப்படித்தான். கடன் வாங்கியாவது கம்ப்யூட்டர் என்ஜினீயரிங்.

என் அக்கா மகன் மட்டும் வேற கேட்டான். "மாமா, ஜோஹோ நடத்துற பள்ளிக்கு முயற்சி பண்ணட்டுமா? பட்டம் கிடையாது."

2005-ல ஆரம்பிச்ச பள்ளி அது. தென்காசி பக்கம் மத்தளம்பாறையிலும் நடத்துறாங்க. ஃபீஸ் கிடையாது, மாசாமாசம் உதவித்தொகை உண்டு. தேர்வு வச்சுத்தான் எடுப்பாங்க. இடம் கிடைச்சா சேருடான்னுதான் சொன்னேன். நாலு வருஷக் கடன் மிச்சம், கையில தொழிலும் இருக்கும்.

ஆனா அக்கா பயமும் நியாயம்தான். ஒரே ஆலையை நம்பிக் கரும்பு போட்டவனுக்கு அந்தப் பயம் புரியும். நாளைக்கு வேற கம்பெனிக்குப் போனா பட்டம் கேட்கலாம். குரூப் 1, குரூப் 2 பரீட்சை எழுதவும் பட்டம் வேணும்.

அதுக்கு வழி இருக்கு. வேலை பார்த்துக்கிட்டே தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல பி.சி.ஏ. படிக்கலாம். தொழில் முதல் பயிர், பட்டம் ஊடுபயிர். ஒண்ணு பொய்த்தாலும் இன்னொண்ணு கைகொடுக்கும்.

பட்டணத்துல ஆள் எடுக்கிற இடத்துல இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். பட்டம் இல்லேன்னு விண்ணப்பத்தை ஒதுக்கிடாதீங்க. ஒரு புரோகிராம் எழுதச் சொல்லிப் பாருங்க. நாங்க விதையை மூட்டையில ஒட்டின சீட்டை வச்சு நம்புறதில்ல, முளைக்கப் போட்டுப் பார்த்துத்தான் விதைக்கிறோம்.