நத்தார்ப் பாட்டும் ஆங்கில இலக்கணமும்

டிசம்பர் பிறந்துவிட்டால் டூங்கபி, பெண்டில் ஹில், வென்ற்வேர்த்வில் எங்கணும் கடைகளின் ஒலிபெருக்கிகளில் நத்தார்ப் பாடல்கள் ஓயாது ஒலிக்கும். நம்மவருள் பலருக்கு அது வெறும் இரைச்சல். கட்டணமின்றி ஒரு மாதம் நடைபெறும் ஆங்கில வகுப்பு அது என்பதே இவ்வாரம் யாம் சொல்ல விழைவது.

"நாம் சைவர்கள், நமக்கேன் நத்தார்ப் பாட்டு?" என்று பெரியவர்கள் சிலர் வினவக்கூடும். மார்கழி விடியலில் திருவெம்பாவை கேட்டு வளர்ந்த அவர்களுக்கே இது எளிதில் விளங்க வேண்டும். பொருள் புரியுமுன்னரே அச்சொற்கள் நம் நாவில் ஏறிவிடவில்லையா? நிகண்டுகளைச் செய்யுளாக யாத்த நம் முன்னோரும் மனனத்தின் இந்த வலிமையை அறிந்தவர்களே. அன்றியும், 1857 இல் ஜேம்ஸ் பியர்பொன்ட் வெளியிட்ட 'ஜிங்கிள் பெல்ஸ்' பாட்டில் நத்தார் என்ற சொல்லே கிடையாது. அது பனியில் வண்டியோட்டி மகிழ்வதைப் பாடும் பாட்டு.

முதலிற் கற்கத் தக்கது 'நத்தாரின் பன்னிரண்டு நாட்கள்' என்னும் பாடல். 1780 இல் இலண்டனில் அச்சேறிய பழம்பாட்டு. ஒவ்வொரு நாளும் ஒரு பரிசு கூடும். முன்னைய பரிசுகள் அனைத்தும் திரும்பச் சொல்லப்படும். இதனால் வரிசையெண்கள் நாவிற் பதிந்துவிடுகின்றன. தமிழில் 'ஆம்' என்ற ஒரே விகுதி போதும்: இரண்டாம், மூன்றாம், பன்னிரண்டாம். ஆங்கிலத்திலோ முதல் மூன்றும் மூன்று விதம். அதன் பின்னரே 'த்' என்னும் ஒலி ஈறாக வரத் தொடங்குகிறது. 'பிஃப்த்', 'ட்வெல்ஃப்த்' என மெய்கள் இறுதியில் அடுக்கி நிற்பது தமிழ் நாவுக்குப் பழக்கமில்லை. ஆகவே ஈற்றில் ஓர் உகரம் சேர்க்கிறோம். அல்லது ஒரு மெய்யை விழுங்கிவிடுகிறோம். பாட்டில் அவ்வாறு உகரம் சேர்த்தால் தாளம் உடனே இடறும். ஆசிரியர் திருத்த வேண்டியதில்லை.

இதனைச் சிறு விடயமென எண்ணற்க. மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் ஒரு திகதி சொல்கிறார்கள். அது பன்னிரண்டா, இருபதா? 'ட்வெல்ஃப்த்', 'ட்வென்டியெத்' இரண்டும் நம் காதுக்கு அண்மையானவை. தவறாகக் கேட்டு எட்டு நாள் பிந்திச் செல்பவர், வல்லுநரைக் காண மீண்டும் மாதக்கணக்கிற் காத்திருக்க நேரலாம். 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார் என்பது உண்மையே. ஆயினும் அழைப்பு வந்த அக்கணத்தில் நம் காதுதான் நமக்குத் துணை.

இறந்தகாலம் பயில 1984 இல் வெளிவந்த 'லாஸ்ட் கிறிஸ்மஸ்' பாடல் நன்று. சென்ற ஆண்டு நிகழ்ந்ததையும் இவ்வாண்டு செய்யப்போவதையும் அது அடுத்தடுத்து வைக்கிறது. 'கிவ்' என்பது 'கேவ்' ஆகும் இடம் திரும்பத் திரும்ப வருதலால், 'டிட் கேவ்' என்று இறந்தகாலத்தை இரட்டிக்கும் நம் பழக்கம் மெல்லக் கழன்றுவிடும்.

இலக்கணச் சுவை நாடுவோர் 'கோட் ரெஸ்ட் யி மெரி, ஜென்டில்மென்' என்ற பழம்பாடலின் தலைப்பை மட்டுமேனும் நோக்குக. பலரும் அதனை 'மகிழ்ச்சியான கனவான்களே' என விளிப்பதாகக் கொள்வர். காற்புள்ளியோ 'மெரி' என்ற சொல்லுக்குப் பின்னரே விழுகிறது. கனவான்களே, இறைவன் உங்களை மகிழ்ச்சியில் நிலைபெறச் செய்வானாக என்பதே பொருள். 'யி' நமது 'நீயிர்' போன்ற வழக்கொழிந்த முன்னிலைப் பன்மை. 'ரெஸ்ட்' என்பதன் ஈற்றில் 'ஸ்' இல்லாமையே அது வியங்கோள் என்பதற்கு அடையாளம். நாம் 'வாழ்க', 'வாழிய' என விகுதி சேர்க்குமிடத்தில் ஆங்கிலேயர் விகுதியைக் களைகின்றனர்!

சொற்களைப் பொறுத்தவரை எச்சரிக்கை வேண்டும். பனிச்சறுக்கு வண்டிக்கும் கௌதாரிக்கும் ஆங்கிலப் பெயர் தெரிந்து நமக்கு ஆவதென்ன? 2020 ஜனவரி 4 ஆந் திகதி நமக்கு மேற்கேயுள்ள பென்ரித்தில் வெப்பம் 48.9 பாகையைத் தொட்டது. இந்நாட்டு நத்தாரைப் பாட விரும்புவோருக்கு ஜோன் வீலர் எழுத, வில்லியம் ஜேம்ஸ் இசையமைத்து 1948 இல் வெளிவந்த அவுஸ்திரேலிய நத்தார்க் கீதங்கள் உள. அவற்றில் நடனமாடுவது புரோல்கா என்னும் இந்நாட்டுக் கொக்கு. நட்சத்திரத்தைக் காண்போர் மந்தை ஓட்டிச் செல்லும் 'டுரோவர்'கள்.

அரசாங்கத்தின் புலம்பெயர்ந்தோர் ஆங்கிலத் திட்டமும் அதே 1948 இல் தோன்றியதே. 510 மணித்தியாலம் என்றிருந்த வரையறை 2021 இல் நீக்கப்பட்டது. தகுதியுடையோர் அதனைக் கைவிடலாகாது. ஆயினும் எல்லா விசாவினருக்கும் அக்கதவு திறப்பதில்லை. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருக்கும் அம்மம்மாமாருக்கு வகுப்புக்குச் செல்ல நேரமும் இல்லை. அவர்களை எண்ணியே இதனை எழுதுகிறோம்.

பிள்ளைகள் பாடசாலையில் இப்பாடல்களைப் பயின்று வருவார்கள். பாடல் வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதித் தரும்படி கேளுங்கள். நாளுக்கு ஒரு பாட்டு வேண்டாம். வாரத்துக்கு ஒன்று போதும். முதல் இரண்டு நாள் கேட்டல் மட்டும், பின்னர் தாளத்தோடு வாசித்தல், அதன் பின்னரே பாடுதல். பிழை விடும்போது பேரப்பிள்ளை சிரிக்கும். சிரிக்கட்டும், திருத்தவும் அதற்குத் தெரியும்.