தடிமன் குளிசைக்குள் எத்தனை மருந்து?



மாரி மழை தொடங்கினால் கடற்காற்றோடு தடிமனும் வந்துவிடும். மூதூரிலும் சரி, கிண்ணியாவிலும் சரி, நாம் முதலில் போவது மருந்துக் கடைக்குத்தான். "தடிமனுக்கு ரெண்டு குளிசை தாங்க" என்போம். கடைக்காரர் அட்டையில் இரண்டை வெட்டித் தருவார். அந்தத் துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருக்கும். அதற்குள் என்ன இருக்கிறதென்று நாம் கேட்பதில்லை.

தடிமனுக்கென்று விற்கும் பல குளிசைகளில் இரண்டு மூன்று மருந்துகள் ஒன்றாகக் கலந்திருக்கும். மூக்கு ஒழுகுவதைக் குறைக்கக் குளோர்பெனிரமைன். நாம் பிரிட்டோன் என்று சொல்லும் மஞ்சள் குளிசையும் இதுதான். மூக்கடைப்புக்குப் பினைலெப்ரின் அல்லது சூடோஎபெட்ரின். காய்ச்சலுக்கும் உடல்நோவுக்கும் பரசிற்றமோல், அதாவது பனடோல். ஆகவே தடிமன் குளிசையோடு பிரிட்டோனும் பனடோலும் தனியாக எடுத்தால், ஒரே மருந்து இரட்டிப்பாகிவிடும். வளர்ந்தவர் ஒரு நாளில் 500 மில்லிகிராம் பரசிற்றமோல் 8 குளிசைக்கு மேல் எடுத்தால் ஈரல் பழுதாகலாம்.

மூக்கடைப்பு மருந்து இரத்தக் குழாய்களைச் சுருக்கித்தான் வேலை செய்கிறது. அதனால் பிரஷர் கூடும், நெஞ்சு படபடக்கும். பிரஷர், இருதய வருத்தம், தைரொயிட் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் அப்படியே. சூடோஎபெட்ரின் தாய்ப்பாலையும் குறைக்கும். வாயால் எடுக்கும் பினைலெப்ரின் மூக்கடைப்பை நீக்குவதில்லை என்று 2023 இல் அமெரிக்க மருந்து நிருவாகத்தின் ஆலோசனைக் குழு முடிவு சொன்னது. பயனில்லாததற்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

இன்னொன்றையும் மனந்திறந்து பேசுவோம். யுத்தத்தில் கணவரை, பிள்ளையை இழந்த பின் இரவில் நித்திரை வராத சகோதரிகள் நம்மிடையே பலர். பிரிட்டோன் நித்திரை தரும் என்று தினமும் போடுவோரும் உண்டு. அது நித்திரைக்கான மருந்தல்ல. மனநல கிளினிக்கில் தரும் மருந்தோடு சேர்ந்தால் மயக்கம் கூடும், விழுந்து எலும்பு முறியலாம். நித்திரையின்மையை கிளினிக்கில் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

பிள்ளைகள் விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். குளோர்பெனிரமைனும் பினைலெப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குக் குறைந்தோருக்குக் கொடுக்கக் கூடாதென்று உறையில் அச்சிடும்படி 2023 இல் இந்தியா உத்தரவிட்டது. 2025 இல் அதே கலவையுள்ள, தமிழ்நாட்டில் தயாரித்த கோல்ட்ரிப் என்ற பாணி மருந்தில் நச்சு இரசாயனம் கலந்திருந்தது. மத்தியப் பிரதேசத்தில் அதைக் குடித்த 20 க்கும் மேற்பட்ட பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தடிமன் சில நாளில் தானாக மாறும். 6 வயது வரை இத்தகைய கலவை மருந்துகளை வைத்தியர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம். மூக்குக்கு உப்புத்தண்ணீர்த் துளியும், அடிக்கடி தாய்ப்பாலும் போதும்.

மருந்தை உறைப்பெயரால் அல்ல, உள்ளிருக்கும் பொருளின் பெயரால் அழைக்க வேண்டுமென்று நமது நாட்டுக்குச் சொல்லித் தந்தவர், அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தை 1971 இல் ஆரம்பித்த பேராசிரியர் சேனக பிபிலே. அந்தப் பாடம் நமக்கும் உரியது. இனி மருந்து வாங்கும்போது:

• "இதற்குள் என்னென்ன மருந்து இருக்கிறது?" என்று கேளுங்கள். தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

• கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

• ஒரு நேரத்தில் ஒரு தடிமன் மருந்து மட்டும். போட்ட பின் நித்திரைத் தூக்கம் இருந்தால் மோட்டார் சைக்கிள் ஓட வேண்டாம், அடுப்படியிலும் கவனம்.

• மூச்செடுக்கக் கஷ்டம், நெஞ்சுநோவு, பிள்ளை சிறுநீர் கழிக்காமை இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

கேட்பது பிழையில்லை, சகோதரிகளே. வீட்டைத் தனியாகத் தாங்கி நிற்கும் உங்கள் உடம்பு உங்கள் பிள்ளைகளின் முதல்.