இப்லீஸ்: நெருப்பு மலையா, நெஞ்சின் ஊசலாட்டமா?

 

அண்மையில் கருமத்தம்பட்டியில் உறவினர் ஒருவரின் இல்லத்தில் ஓர் இரவு தங்க நேர்ந்தது. அக்கம்பக்கத்து விசைத்தறிகளின் ஓசை அடங்கிய பின்னரும் அவ்வீட்டு இளைய மகன் உறங்கவில்லை. விளக்கை அணைத்தால் இப்லீஸ் நெருப்பாக வந்துவிடுவான் என்று அழுதான். அண்ணனின் கைப்பேசியில் ஒரு வீடியோ கேமின் காட்சிகளைக் கண்டதே காரணம்.

"அது வெறும் விளையாட்டுப் பூதம், பெயர்தான் இப்லீஸ்" என்றான் அண்ணன். "திருமறை கூறும் பெயரை விளையாட்டுப் பொருளாக்குவதா?" என்று சினந்தார் அத்தா. வாதம் நள்ளிரவு வரை நீண்டது.

அந்த விளையாட்டு, ஜப்பானின் செகா நிறுவனம் 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட 'சோனிக் தி ஹெட்ஜ்ஹாக்'. சோனிக் என்பது நீலநிற முள்ளெலி, அதுவே கதாநாயகன். அக்கதையில் சொலாரிஸ் என்ற சூரிய தெய்வம், மனிதர் செய்த சோதனையொன்று தவறியதால் இரண்டாகப் பிளந்துவிடுகிறது. ஆற்றல் மட்டுமேயான பாதிக்கு இப்லீஸ் என்று பெயர். அறிவு மட்டுமேயான பாதிக்கு மெபிலிஸ் என்று பெயர். தீக்குழம்பால் ஆன இப்லீஸ் பேசுவதில்லை. எதிர்கால உலகை எரித்துப் பாழாக்குகிறது. மெபிலிஸ் எதையும் எரிப்பதில்லை. சில்வர் என்னும் இளைஞனிடம் நண்பனைப்போல் வந்து, உலகின் அழிவுக்குச் சோனிக்தான் காரணம் என்று பொய்யுரைத்து, நல்லவன் ஒருவனைக் கொல்ல மற்றொரு நல்லவனை ஏவிவிடுகிறது.

திருமறை காட்டும் இப்லீஸ் யார்? அவன் தெய்வமும் அல்லன், தெய்வத்தின் பாதியும் அல்லன். ஜின் இனத்தைச் சேர்ந்த ஒரு படைப்பு (18:50). நெருப்பால் படைக்கப்பட்டவன் என்பது உண்மையே. ஆனால் அந்த நெருப்பு அவன் கையில் ஆயுதமாக இல்லை. அவன் பெருமைக்கே அது காரணமாயிற்று. மண்ணால் படைக்கப்பட்ட ஆதமை (அலை) விடத் தானே மேலானவன் என்றெண்ணிப் பணிய மறுத்தான் (7:12). பின்னர் ஆதமையும் ஹவ்வாவையும் அவன் வலுக்கட்டாயமாக வீழ்த்தவில்லை. நலம் நாடுபவனைப்போல் வந்து ஊசலாட்டத்தையே உண்டாக்கினான்.

ஆகவே, பெயரை ஒதுக்கிவிட்டுப் பண்பை நோக்கினால், இப்லீஸ் என்று பெயர் சூட்டப்பட்ட தீப்பூதத்தைவிட மெபிலிஸே அவனை ஒத்திருக்கக் காண்கிறோம். அந்தப் பெயரோ, ஜெர்மானியப் பழங்கதையில் ஃபாஸ்ட் என்னும் அறிஞனோடு ஒப்பந்தம் செய்யும் மெபிஸ்டோபிலிஸை நினைவூட்டுவது!

இது வெறும் பெயர்க் குழப்பந்தானே என்று எண்ணிவிடாதீர்கள். ஷைத்தானை வெல்லவியலாத பேராற்றலாகக் கருதிவிட்டால், நம் தவறுகளுக்கு நாம் பொறுப்பல்ல என்றாகிவிடும். மறுமையில் அவனே கைவிரித்துவிடுவான்: தனக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை, தான் அழைத்தது மட்டுமே உண்மை, இணங்கியவர்கள் தங்களையே பழித்துக்கொள்ளட்டும் என்பான் (14:22). அவனுடைய சூழ்ச்சி பலவீனமானது என்றும் இறைவன் அறிவித்துள்ளான் (4:76).

சிறுவனிடம் இதையே எளிமையாகச் சொன்னேன்: "அவனால் உன்னை எரிக்க முடியாது, தம்பி. கெட்டதைச் செய்யும்படி அழைக்கத்தான் முடியும். நீ மாட்டேன் என்று சொல்லலாம்." ஆயத்துல் குர்ஸியை ஓதிவிட்டு அவன் உறங்கிப்போனான்.

அண்ணனை அழைத்து, "தம்பி பயப்படுகிறான் என்று தெரிந்தும் ஏன் தொடர்ந்து காட்டினாய்?" என்று கேட்டேன். தலைகுனிந்தான். "இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தால் என்ன என்று தோன்றியது" என்றான். அத்தாவும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அடிக்க ஓங்கிய தம் கையைச் சற்று முன்னர்தான் அவர் தாழ்த்தியிருந்தார்.

பெற்றோர்களே! பிள்ளைகள் பார்ப்பதை அவர்கள் அருகில் அமர்ந்து ஒருமுறையேனும் பாருங்கள். தடுக்க வேண்டியதைக் காரணம் சொல்லித் தடுங்கள். ஷைத்தானின் உருவத்தைச் சொல்லி அச்சுறுத்துவதை விடுத்து, அவன் அழைக்கும் விதத்தை அடையாளம் காணக் கற்றுக்கொடுங்கள். அவ்வடையாளம் பெரியவர்களாகிய நமக்கும் தேவை. சிந்திப்போமாக!