ஈல்ஸ் ஃபுட்டில் ஒரு சனிக்கிழமை ராத்திரி

குறுவை நடவு நடந்தப்போ சென்னையிலிருந்து நண்பர் ஒருவரின் மகன் வந்திருந்தான். வயலில் மெஷின் நட்டுக்கொண்டிருந்தது. வரப்பில் டீ குடித்தபடியே, "அங்கிள், இங்கிலாந்துல கிராமத்து பப்புலகூட ஃபோக் கிளப் நடத்துறாங்க. அம்பதுகள்ல லண்டன்ல நாலு பேரு ஆரம்பிச்சது. அவங்க இல்லேன்னா அந்தப் பாட்டெல்லாம் அழிஞ்சே போயிருக்கும். நம்ம ஊர்லயும் அப்படி ஒண்ணு பண்ணணும்" என்றான்.

ஆசை நல்ல ஆசைதான். சொன்ன வரலாறுதான் தலைகீழ். மெஷின் சத்தத்தில் அன்னைக்குப் பதில் சொல்ல முடியல. இப்போ சொல்றேன்.

முதலில் இந்த பப். உங்களுக்கு பப் என்றால் விளக்கு மின்னி காது கிழியும் இடம். எங்களுக்கு டாஸ்மாக் வாசல். அந்த ஊர்க் கிராமத்து பப் இரண்டும் இல்லை. 'பொது வீடு' என்பதன் சுருக்கம்தான் அந்தப் பேரே. கிட்டத்தட்ட நம்ம ஊர்த் திண்ணை, கையில் பீர் குவளையோடு.

சஃபோக் மாவட்டத்தில், கடலோரச் சதுப்புக்குப் பக்கத்தில் ஈஸ்ட்பிரிட்ஜ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஈல்ஸ் ஃபுட் என்ற பப். சனிக்கிழமை ராத்திரி ஊர்ப் பாட்டாளிகள் அங்கே கூடுவார்கள். அவர்களில் ஒருத்தர் தலைவர். மேசையைத் தட்டி அமைதி கேட்பார், அடுத்த ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். மேடை கிடையாது, டிக்கெட் கிடையாது. இன்ன பாட்டு இன்னாருடையது என்று ஒரு கணக்கு உண்டு. அந்த ஆள் இருக்கும்போது அதை வேறு யாரும் எடுக்க மாட்டார்கள். அந்தப் பக்கத்து பப்புகளில் ஒரு வழக்கம் இருந்தது: பாடு, இல்லேன்னா ஏதாவது சொல்லு, அதுவும் முடியாதா, காசை வை.

இதை ஒலிப்பதிவு செய்ய ஏ.எல். லாயிட் என்பவர் பிபிசி ஆட்களோடு போனது 1939-ல். லண்டன் கிளப்புகள் வர அதுக்கு அப்புறமும் பத்துப் பதினைஞ்சு வருஷத்துக்கு மேல் இருக்கு. அதே மாவட்டத்து பிளாக்ஸ்ஹால் ஊரில் ஷிப் என்று இன்னொரு பப். அங்கேயும் இதே கதைதான். தலைவர் இருந்தார், முறை இருந்தது, சிரில் போச்சர் போன்ற பண்ணையாட்கள் பாடினார்கள்.

அப்புறம்தான் லண்டன். ஹோபர்ன் பகுதியில் பிரின்சஸ் லூயிஸ் பப்பின் ஓர் அறையில் ஈவன் மெக்கால் கூட்டம் கிளப் நடத்தியது. அவரவர் மண்ணின் பாட்டைத்தான் அவரவர் பாடணும் என்று பின்னால் மெக்கால் ஒரு கட்டுப்பாடும் வைத்தார். அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சாம் லார்னர் என்ற நார்ஃபோக் மீனவக் கிழவரை வைத்து 1960-ல் அவர்கள் செய்த வானொலி நிகழ்ச்சி இன்னைக்கும் கேட்க வேண்டியது. ஆனால் விதை யாருடையது? முறை வைத்துப் பாடுவது, தட்டி அமைதி கேட்பது, கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவனே எழுந்து பாடுவது, இதெல்லாம் ஈல்ஸ் ஃபுட்டில் ஏற்கெனவே இருந்ததுதானே? ஹாரி காக்ஸ் என்ற நார்ஃபோக் பண்ணையாள் நூற்றுக்கு மேல் பாட்டு வைத்திருந்தார். பிறந்தது 1885-ல். எந்தக் கிளப்பிலும் சேர்ந்து அவர் பாட்டுக் கத்துக்கலை.

அப்படியானால் பப்பில் பாட்டு ஏன் ஓய்ந்தது? ரசனை கெட்டுப்போச்சு, டிவி வந்துட்டுது என்பார்கள். அதெல்லாம் கொஞ்சம்தான். பிளாக்ஸ்ஹால் கிழவர்களிடம் கேட்டு ஜார்ஜ் ஈவர்ட் எவன்ஸ் 1956-ல் ஒரு புத்தகம் போட்டார். அரிவாளோடு வரிசையாக வயலில் இறங்கும் கூட்டம், அதுக்கு ஒரு தலைவன், அவன் பண்ணைக்காரரிடம் கூலி பேசுவது, எல்லாம் அதில் இருக்கு. டிராக்டரும் கம்பைனும் வந்த பிறகு அந்தக் கூட்டமே இல்லை. வயலில் பத்துப் பேர் இருந்த இடத்தில் ஒருத்தன். அந்த ஒருத்தன் சனிக்கிழமை ராத்திரி யாருக்குப் பாடுவான்? லண்டன்காரர்கள் காப்பாற்றியது பாட்டை. பாடினவனுக்கு ஊரில் வேலை இருக்கா என்று எந்தக் கிளப்பும் கேட்டதாக நான் படிச்சதில்லை.

இதைச் சொல்ல எனக்கென்ன யோக்கியதை என்று கேட்கலாம். கேளுங்க. என் வயலுக்கு மெஷினைக் கூப்பிட்டது நான்தான். ஆள் கிடைக்கலை, கிடைச்சாலும் கூலி கட்டுப்படியாகலை.

அன்னைக்கு மெஷின் விட்டுப்போன மூலையில் நாற்று ஊன்ற நாலு பெண்கள் வந்திருந்தார்கள். அதில் ஒரு அக்கா, முன்பெல்லாம் அவர்தான் நடவுப் பாட்டை எடுத்துக் கொடுப்பார். முப்பது பேர் பின்னால் வாங்கிப் பாடுவார்கள். தம்பி ஃபோனைத் தூக்கிக்கொண்டு போய், "அக்கா, ஒரே ஒரு பாட்டு" என்று கேட்டான்.

அவர் நிமிர்ந்து வயலை ஒரு சுற்றுப் பார்த்தார். "பின்பாட்டுக்கு ஆளு எங்க தம்பி?" என்றவர், குனிந்து அடுத்த நாற்றை ஊன்றப் போய்விட்டார்.