தொண்ணூற்றாறு கோரும் ஒரு ஈடு இட்லியும்

சர்வர் என்றால் தோளில் துண்டோடு வந்து 'சூடா என்ன வேணும்?' என்று கேட்கிறவர் மட்டும்தான் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இது வேறு சர்வர். ஏ.சி. அறையில் ராப்பகலாக உட்கார்ந்து உங்கள் பேங்க் பாக்கி, ரயில் டிக்கெட், பிள்ளையின் பரீட்சை ரிசல்ட் எல்லாவற்றையும் பரிமாறுகிறது. (டிப்ஸ் கிடையாது. கரண்ட் பில் உண்டு.)

இதன் மூளையான பிராசஸரில் வெகுநாளாக இரண்டு பெரிய கட்சிகள்: இன்டெல், ஏ.எம்.டி. ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வாங்கும் பொறுப்பில் இருக்கும் நண்பர், ஆளுக்கொரு பயில்வானின் விவரக் காகிதத்தை என் முன் விரித்தார். ஒன்று, ஏ.எம்.டி. 2022 நவம்பரில் வெளியிட்ட எபிக் 9654. மற்றது, இன்டெல் 2023 ஜனவரியில் வெளியிட்ட ஜியான் பிளாட்டினம் 8490எச். 2024-ல் இரண்டு கட்சிகளுமே இன்னும் பெரிய உருப்படிகளை இறக்கிவிட்டன. எபிக்கில் 192 கோர் வரை போய்விட்டது. ஆனாலும் ஒப்பிடக் கற்றுக்கொள்ள இந்த ஜோடியே போதும்.

"இதுல யோசிக்க என்ன சார் இருக்கு? எபிக்ல 96 கோர், ஜியான்ல 60. விலையும் எபிக்தான் கம்மி. முடிஞ்சுபோச்சு!" என்றார் நண்பர்.

வெளியானபோது பட்டியல் விலை எபிக்குக்கு 11,805 டாலர், ஜியானுக்கு 17,000. முடிந்துபோன மாதிரிதான் தெரிகிறது. ஆனால் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு நிச்சயதார்த்தத்துக்குத் தேதி குறிக்கலாமா? பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்க வேண்டாமா?

*

கோர் என்பது ஒரு சமையல்காரர். அவர் ஒரே சமயத்தில் இரண்டு அடுப்பைக் கவனிப்பார், அதுதான் திரெட். ஆகவே எபிக்கில் 192, ஜியானில் 120. அடுப்பு இரண்டானாலும் கை இரண்டுதானே, அதனால் வேலை இரட்டிப்பாகிவிடாது.

சமையல்காரர் கைக்கு எட்டும் அஞ்சறைப் பெட்டிதான் கேஷ். எபிக்கில் மொத்தம் 384 எம்.பி.; ஜியானில் 112.5. பெட்டியில் இல்லாத சாமானுக்கு ஸ்டோர் ரூமுக்கு, அதாவது மெமரிக்கு, ஓட வேண்டும். ஸ்டோர் ரூமுக்கு எபிக்கில் 12 கதவு, ஜியானில் 8. விற்பனைப் பிரதிநிதி இதைச் சொல்லும்போது 'பன்னிரண்டு' என்பதை மட்டும் அழுத்திச் சொல்வார். நீங்கள் வகுத்துப் பாருங்கள். எபிக்கில் ஒரு கதவுக்கு 8 சமையல்காரர், ஜியானில் ஏழரை. (பயப்படாதீர்கள், இது சனி இல்லை.) ஆளுக்குக் கிடைக்கும் வழி கிட்டத்தட்ட ஒன்றேதான்!

வேகம்? எபிக் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஆரம்பித்து 3.7 வரை, ஜியான் 1.9-லிருந்து 3.5 வரை. இந்த உச்ச வேகம் ஓரிரு கோர் மட்டும் ஓடும்போது கிடைப்பது. எல்லோரும் சேர்ந்து கரண்டி பிடித்தால் அவ்வளவு வராது.

மின்சாரம் 360 வாட், 350 வாட். வருஷம் முழுக்க முழு மூச்சில் ஓடினால் ஒன்றுக்கு மூவாயிரம் யூனிட்டுக்கு மேல். இங்கே இரண்டும் பங்காளிகள்.

*

இப்போது இட்லிக்கு வருவோம். ஒரு ஈடு வேகப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். பானையைச் சுற்றி 96 சமையல்காரர்கள் நின்று முறைத்தாலும் அதே பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான். சட்னி அரைப்பதை வேண்டுமானால் பகிர்ந்துகொள்ளலாம்.

இதற்கு 1967-லேயே ஜீன் அம்டால் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் கணக்குச் சொல்லிவிட்டார். ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கு பிரிக்க முடியாதது என்றால், ஆயிரம் பேரை இறக்கினாலும் பத்து மடங்கு வேகத்தைத் தொட முடியாது. அப்படிப்பட்ட வேலையில் 60 கோர் 8.7 மடங்கு வேகம் தரும். 96 கோர்? 9.1 மடங்கு! கூடுதலாக 36 பேரைச் சேர்த்து, நூற்றுக்கு ஐந்துதான் லாபம்.

அப்படியானால் 96 வீணா? இல்லை. ஆயிரம் பேர் ஆயிரம் தனித்தனிக் கேள்வி கேட்கும் வெப்சைட் மாதிரியான வேலை, கல்யாணப் பந்தி. ஆள் கூடக்கூட பந்தி சீக்கிரம் நகரும். எபிக் கொடிகட்டிப் பறப்பது அங்கேதான். இதனால்தான் பெஞ்ச்மார்க் வைக்கும் 'ஸ்பெக்' அமைப்பே இரண்டு விதமாக அளக்கிறது. 'ஸ்பீடு' என்றால் ஒரு வேலை முடிய எவ்வளவு நேரம்; 'ரேட்' என்றால் குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை வேலை முடிகிறது. விளம்பரத்தில் மார்க்கைக் காட்டினால், எந்தப் பரீட்சையில் வாங்கியது என்று கேளுங்கள்.

ஜியானும் சும்மா 17,000 டாலர் கேட்கவில்லை. செயற்கை அறிவுக்கான மேட்ரிக்ஸ் கணக்கு, தகவலைச் சுருக்குதல், ரகசியக் குறியாக்கம் இவற்றுக்கென்று உள்ளேயே தனிப் பகுதிகள் உண்டு. வடை தட்டத் தனி மெஷின் வைத்த மாதிரி. தவிர, ஒரே சர்வரில் எட்டு ஜியான்களைச் சேர்த்துப் பூட்டலாம். எபிக்கை இரண்டுக்கு மேல் முடியாது.

*

"சரி, நீங்க என்ன ஓட்டப் போறீங்க?" என்றேன் நண்பரிடம்.

"ஆரக்கிள் டேட்டாபேஸ். எண்டர்பிரைஸ்."

பேப்பரும் பேனாவும் எடுத்தேன். அதற்கு லைசென்ஸ் கோர் கணக்கில். இந்த ரகச் சில்லுகளில் இரண்டு கோருக்கு ஒரு லைசென்ஸ். பட்டியல் விலை 47,500 டாலர். 60 கோருக்கு 30 லைசென்ஸ், 14.25 லட்சம் டாலர். 96 கோருக்கு 48 லைசென்ஸ், 22.8 லட்சம் டாலர். சில்லில் மிச்சம் பிடித்தது 5,195 டாலர். லைசென்ஸில் கூடுதலாகப் போவது 8.55 லட்சம் டாலர்! பேரத்தில் குறையலாம். ஆனால் தலையை எண்ணித்தான் காசு.

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. அப்புறம், "சின்னதா ஏதாவது இருக்கா சார்?" என்றார்.

இருக்கிறது. அதே எபிக் குடும்பத்தில் 9174எஃப் என்று ஒரு தம்பி. 16 கோர்தான், ஆனால் ஆரம்ப வேகமே 4.1 கிகாஹெர்ட்ஸ், கேஷ் 256 எம்.பி. எட்டே லைசென்ஸ், 3.8 லட்சம் டாலர். அவருடைய வேலை இந்தப் பதினாறுக்குள் அடங்குமா என்று ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த ஒரு வாரத்தில் லட்சக்கணக்கான டாலர் மிச்சமாகலாம்.

ஆகவே, இரண்டு பிராசஸரில் எது ஒசத்தி என்று யாராவது கேட்டால் உடனே பதில் சொல்லாதீர்கள். வேலை பிரியுமா பிரியாதா, ஸ்டோர் ரூம் கதவு ஆளுக்கு எத்தனை, சாஃப்ட்வேர்க்காரர் எதை எண்ணிக் காசு வாங்குகிறார் என்று மூன்று கேள்வி கேளுங்கள். சமையல்காரர்களை எண்ணுவதற்கு முன்னால் எத்தனை இலை என்று கேட்பதுதான் கல்யாண வீட்டுக்கு அழகு.